திருகாணிக்கு வந்த பாட்டு

ஜூன் மாதம் பாதி கடந்தாலே நாங்கள் முன்பு குடியிருந்த கிரீட் தீவு எனக்கு ஞாபகம் வந்துவிடும். 24ஆம் தேதி திருமுழுக்கு யோவானின் பிறந்தநாள். முந்தின நாள் மாலை தெருமுனையில் தீ மூட்டுவார்கள். கிளீதோனாஸ் என்று பெயர்.

விறகும் சுள்ளியும் இருந்தாலும், தீக்கு முக்கியமான தீனி மே முதல் தேதி வாசற்கதவில் மாட்டிய காட்டுப்பூ வளையம்தான். ஏழு வாரத்துக்கு மேல் வெயிலில் காய்ந்தது, விழுந்ததும் படபடவென்று வெடிக்கும். கண்ணேறு படாமலிருக்கச் சிலர் அதில் பூண்டு செருகியிருப்பார்கள். அது கருகும் வாடை தெருவெல்லாம் வீசும். பிறகு மூன்று தடவை தாண்ட வேண்டும். பையன்கள் தழல் ஆளுயரம் நிற்கும்போதே பாய்வார்கள். எங்களைப் போன்றவர்கள் அது தணியட்டும் என்று காத்திருந்து, துணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு குதி. பிறை பிறக்கும் நாளில் வீட்டு வாசலில் தீ மூட்டித் தாண்டக் கூடாது என்று 692இலேயே கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய திருச்சபைச் சங்கம் தடை போட்டதாம். யார் கேட்டார்கள்? எங்கள் தெருவில் பாதிரியாரே நின்று வேடிக்கை பார்ப்பார்.

ஆனால் நான் ஏங்குவது தீக்காக என்று சொன்னால் பொய். அந்த மண்குடத்துக்காக.

கல்யாணமாகாத பெண் ஒருத்தி தண்ணீர் எடுத்து வருவாள். தாய் தகப்பன் இருவரும் உயிரோடு இருப்பவளாகப் பார்த்து அனுப்புவார்கள். வழியில் வாய் திறக்கக் கூடாது. அதனாலேயே பையன்கள் பின்னால் வந்து சீண்டுவார்கள். ஒரு வார்த்தை பேசிவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி போக வேண்டும். தண்ணீர் வந்ததும் ஆளுக்கொரு சாமான் போடுவார்கள்: மோதிரம், சாவி, பொத்தான். சிவப்புத் துணியால் வாயைக் கட்டி, ராத்திரி முழுக்க நட்சத்திரம் பார்க்க வெளியே வைப்பார்கள்.

முதல் வருஷம் நான் ஓரமாக நின்றிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி என்னைப் பார்த்து, "நீ மட்டும் என்ன மரமா? ஏதாவது போடு, பொண்ணே" என்றாள். மோதிரம் விரலை விட்டு வரவில்லை. தோட்டின் திருகாணியைக் கழற்றிப் போட்டேன்.

மறுநாள் குடத்தில் கைவிட்டு ஒவ்வொரு சாமானாக எடுப்பார்கள். எடுக்குமுன் ஒரு மண்டினாதா சொல்ல வேண்டும். பதினைந்து அசை கொண்ட இரண்டு வரி, முடிவில் இயைபு. அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் சந்தம் ரத்தத்தில் ஓடுகிறது. 17ஆம் நூற்றாண்டில் வின்சென்சோஸ் கொர்னாரோஸ் எழுதிய எரோடோக்ரிடோஸ் காவியம் ஏறத்தாழ 10,000 வரியும் அதே சந்தம்தான். யாருடைய சாமான் வருகிறதோ அவளுக்கு அந்தப் பாட்டே குறி. பாட்டி சொன்ன பாட்டில் மாப்பிள்ளை எவ்வளவு சின்னவன் என்றால், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகலாம். குடத்துக்குள் போன கை என் திருகாணியோடு வெளியே வந்தது. என் கணவர் உண்மையிலேயே குள்ளம். அங்கேயேதான் நின்றிருந்தார். தெரு முழுக்கச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அவருக்கு வேலை மாறியதும் வடக்கே வந்துவிட்டோம். இங்கே எல்லாரும் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார்கள். கேலி செய்து பாட்டுக் கட்டும் அளவுக்கு என்னை யாருக்கும் தெரியாது.

அங்கேயும் இப்போது பல ஊர்களில் மன்றங்கள்தான் விழாவை நடத்துகின்றன. கோடை தீத்தடுப்புக் காலம் என்பதால் சில இடங்களில் தீயணைப்பு வண்டியும் வந்து நிற்கும். காடு எரிவதைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். எனக்குப் பிடிக்காதது வேறு. வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று, குடத்தைக் கட்டிய ராத்திரியே அவிழ்த்துவிடுகிறார்கள். ஒரு டிக்கெட் போட்டு நானும் போகலாம். தீ தாண்டலாம், ராக்கிச் சாராயம் குடிக்கலாம். மறுநாள் காலை அந்தத் தெருவில் இருக்கப்போகிறவளாகப் போக முடியாது.