பால் மீது போட்ட பழி

74 வயது வரை பாலுக்கும் எனக்கும் ஒரு நாளும் மனத்தாங்கல் வந்ததில்லை. காலையில் ஃபில்டர் காபி, இரவு படுக்கப் போகுமுன் ஒரு டம்ளர் சூடான பால். புதுச்சேரி அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, இந்த வழக்கம் மாறியதில்லை. போன வருடம்தான் மாறியது.

ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு வயிறு கடமுடவென்று உருண்டது. பொழுது விடிவதற்குள் மூன்று முறை போய்விட்டு வந்தேன். மறுநாளும் அதே கதை. முந்தின இரவு கடைசியாக வயிற்றுக்குள் போனது பால்தான் என்பதால் சந்தேகம் அதன் மேல் விழுந்தது. பாண்லே பாக்கெட்டை நிறுத்திவிட்டு, மாடு வைத்திருப்பவர் ஒருவரிடம் கறந்த பால் வாங்கிப் பார்த்தோம். பலன் இல்லை.

இரண்டாவது வாரம் கழிவறையிலிருந்து வெளியே வரும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் அண்ணன் குடல் புற்றுநோயில் போனவர். அவருக்கும் இப்படித்தான் வயிற்றுத் தொந்தரவில் ஆரம்பித்தது. அந்த நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போனால் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் அங்கேயும் போகவில்லை.

கடைசியில் பாலை நிறுத்தினேன். மூன்றே நாளில் வயிறு அடங்கிவிட்டது. பத்து நாள் கழித்து, சோதித்துப் பார்ப்போமே என்று பழையபடி இரவில் குடித்தேன். இரண்டாம் நாளே தொந்தரவு திரும்பி வந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? காபியையும் விட்டுவிட்டுக் கடுங்காபிக்கு மாறினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விடியற்காலையில் தனக்கு மட்டும் ஒரு டம்ளர் காபி ஆற்றிக்கொண்டு, அதைச் சமையலறையிலேயே நின்றபடி குடிக்க ஆரம்பித்தாள். கூடத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து குடித்த வழக்கம் நின்றுபோனது.

நான்கு மாதம் கழித்து உறவில் ஒரு காதுகுத்து. பந்தியில் பால் பாயசம் போட்டார்கள். வாயைக் கட்ட முடியவில்லை. இரண்டு கிண்ணம் உள்ளே போய்விட்டது. வீட்டுக்கு வந்து, நடக்கப்போவதற்குத் தயாராகப் படுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. விடிந்த பிறகும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மனைவி வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்துப் போனாள். கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவர், "ஐயா, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றார். ரத்த அழுத்த மாத்திரை ஒன்றுதான் என்றேன்.

"ஏங்க, பொண்ணு அனுப்பின பிரான்ஸ் மாத்திரையைச் சொல்லலையே?" என்றாள் மனைவி.

"அது மருந்தில்ல, சத்துதானே" என்றேன்.

இரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது என்று ஒரு முறை போனில் சொல்லியிருந்தேன். பாரிசில் இருக்கும் மகள் உடனே மெக்னீசியம் மாத்திரை டப்பா அனுப்பிவைத்தாள். தினம் ஒன்று போடச் சொன்னாள். சத்துதானே என்று நான் இரண்டு போட்டேன், இரவுப் பாலோடு. பாலை நிறுத்திய அன்று மாத்திரையும் தானாகவே நின்றுபோயிற்று. மறுபடி பால் குடித்துச் சோதித்தபோது, பழக்க தோஷத்தில் மாத்திரையும் கூடவே போயிருக்கிறது. ஒரே ஃபைலில் சேர்த்துக் கட்டிய இரண்டு தாள்களில் மேலே இருந்ததை மட்டும் படித்துவிட்டுக் குறிப்பு எழுதியிருக்கிறேன்.

மறுநாள் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். "பிரெஞ்சுல இருக்கே, நீங்களே படிங்க" என்று என்னிடமே நீட்டினார் டாக்டர். சொன்ன அளவுக்கு மேல் போடக் கூடாது, போட்டால் 'எஃபே லக்சத்தீஃப்', அதாவது பேதியாகலாம் என்று பொடி எழுத்தில் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. கல்வே காலேஜில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்கள் தெருவில் சொல்தா பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் பிரான்சிலிருந்து கடிதம் வந்தாலும் மருந்து டப்பா வந்தாலும், "முசே, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று என்னிடம்தான் வருவார்கள். அவர்களுக்கு வரி விடாமல் படித்துச் சொல்பவன், என் டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் விளக்கினார். உடம்பில் சேராத மெக்னீசியம் குடலிலேயே தங்கித் தண்ணீரை இழுக்கும். அதனால்தான் வயிறு போகிறது. நம் சிறு வயதில் மலச்சிக்கலுக்கு 'மில்க் ஆஃப் மெக்னீசியா' என்று ஒரு வெள்ளை மருந்து கொடுப்பார்களே, அதுவும் இதே சங்கதிதான். பெயரில்தான் பால், உள்ளே ஒரு சொட்டுப் பால் கிடையாது. இதைக் கேட்டதும் அந்த அறையிலேயே சிரித்துவிட்டேன்.

பாலே ஒத்துக்கொள்ளாதவர்களும் நிறைய இருக்கிறார்கள் என்றார். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். வயது ஏற ஏறப் பலருக்கு அது குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வாயுவும் பேதியும் உண்டாக்கும். கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகும் சில நாள் அப்படி ஆகலாம். அதனால் முதலில் தயிர், பிறகு சாப்பாட்டோடு அரை டம்ளர் பால் என்று ஆரம்பிக்கச் சொன்னார். தயிர் உறையும்போதே அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறதாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மெக்னீசியத்தைத் தொடவே கூடாது என்றும் சொன்னார். எனக்கு அதற்கும், அண்ணன் விஷயத்தைச் சொன்னதால் குடலுக்கும் பரிசோதனை செய்தார்கள். கெடுதல் ஒன்றும் இல்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மகளிடம் சொல்லாமலே விட்டுவிட நினைத்தேன். ஆசையாக அனுப்பியவள், மனம் நோவாளே என்று. மனைவி சொல்லிவிட்டாள். "நாலு மாசம் எங்கிட்ட மறைச்சீங்களேப்பா, அதுதான் கஷ்டமா இருக்கு" என்றாள் மகள். தப்பு டப்பாவில் இல்லை, ஒன்றை இரண்டாக்கிய என்னிடம்தான் என்றேன்.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் டப்பா, புட்டி எல்லாவற்றையும், சத்து மாத்திரை, லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். எது மருந்து, எது சத்து என்று அவர் பிரித்துக்கொள்ளட்டும்.

இரண்டு வாரத்தில் அரை டம்ளர் முழு டம்ளராயிற்று. கூடத்தில் இப்போது மறுபடியும் இரண்டு டம்ளர் காபி வருகிறது.