பாரியைப் பாத்து நில்லு

சாமி சாட்டிய அன்று ராத்திரியே எங்கள் ஊரில் முளைப்பாரிக்கான கும்மி, முளைக்கொட்டு தொடங்கிவிடும். வேடசந்தூர்ப் பக்கம் செம்மண் ஊர். சோறு முடிந்து, சட்டி பானை கழுவிக் கவிழ்த்துவிட்டு, பெண்கள் ஒவ்வொருவராகக் கோயில் திடலுக்கு வருவார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. அப்பத்தா என்னைத் தனக்கும் பக்கத்து வீட்டுச் சின்னம்மாவுக்கும் நடுவில் சொருகிவிட்டாள். யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. நான் குனிந்து என் காலையே பார்த்துத் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

"கால என்னத்துக்குப் பாக்குற? சத்தத்தக் கேளு. காலு தானா வரும்."

மூன்றாம் ராத்திரி கால் வந்துவிட்டது. குனிந்து ஒரு கொட்டு, நிமிர்ந்து ஒரு கொட்டு. இரண்டு பக்கமும் வியர்வையும் வெற்றிலை வாசமுமாகப் பெரிய உடம்புகள். அவை சாயும் பக்கம் நானும் சாய்ந்தேன். பாட்டுக்காரி ஒரு அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டு முழுசாகத் தெரியாத பிள்ளைகளும் கடைசிச் சொல்லை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டுச் சேர்ந்துகொள்ளலாம்.

கொட்டு நடக்கும் எட்டு நாளும் இருட்டறைக்குள் இன்னொன்றும் வளர்ந்துகொண்டிருக்கும். சட்டியில் மண்ணும் எருவும் பரப்பி, ஊறவைத்த பயறுகளைத் தூவி, வெளிச்சம் படாமல் வைத்துத் தண்ணீர் தெளித்து வருவார்கள். வெயில் காணாத முளை, பச்சை ஏறாமல் வெளிறிய மஞ்சளாக நீண்டு நிற்கும். அதுதான் பாரி. கடைசி நாள் எல்லாப் பாரியையும் திடலில் இறக்கி வைத்து, சுற்றிக் கும்மி கொட்டுவார்கள். பிறகு தலையில் சுமந்துபோய்த் தண்ணீரில் கரைத்துவிடுவார்கள்.

ஆண்பிள்ளைகளுக்கு ஒயில். தலையில் துண்டு, கையில் கைக்குட்டை, காலில் சலங்கை என்று வரிசை கட்டி நிற்பார்கள். வள்ளி திருமணமோ ராமாயணமோ மெதுவாகத் தொடங்கி, போகப்போக வேகம் பிடிக்கும். பொடியன்கள் வரிசையின் கடைசியில் நிற்பார்கள். முன்னால் ஆடுகிறவனின் முதுகுதான் அவர்களுக்கு வாத்தியார். ராஜகம்பளத்து நாயக்கர் வீடுகளில் தேவராட்டம். அதற்குப் பாட்டே கிடையாது. உறுமி சொல்வதைக் கால் கேட்க வேண்டும். அப்பத்தா சொன்னது அங்கேயும் செல்லும்.

தப்பு என்கிற பறை மட்டும் இப்படிக் கைமாறவில்லை. இதைச் சொல்லாமல் முளைக்கொட்டின் அழகை மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. எங்கள் திடலுக்குத் தப்படிக்க வந்தவர்கள் வட்டத்துக்கு வெளியே, தள்ளி நின்றுதான் அடித்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் என் பக்கத்தில் நின்று கொட்டவில்லை. ஏன் என்று ஏழு வயதில் நான் கேட்கவில்லை. அப்பத்தாவும் சொல்லவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இழவு விழுந்தால் ஆள் அனுப்பி, 'வந்து அடி' என்று ஊர் அதட்டிய கருவி அது. 'என் பேரன் இதைத் தொடக்கூடாது' என்று நினைத்த தாத்தாக்கள் எத்தனையோ பேர். பரம்பரைக் கலையை அவர்கள் கைவிட்டார்கள் என்று சிலர் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தத் தாத்தாக்கள் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் பேத்திகள் தொட்டார்கள். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, தலித் குடும்பத்து இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. வழிவழியாக ஆண்கள் மட்டுமே அடித்த கருவி. மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை இழுத்து ஒட்டுவார்கள். தீயில் காய்ச்சினால்தான் சத்தம் விறைக்கும். இடது கையில் மெல்லிய மூங்கில் சுண்டுகுச்சி, வலது கையில் குட்டையான அடிகுச்சி. இடுப்பில் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அடித்தபடியே அந்தப் பெண்கள் குதித்துத் திரும்புகிறபோது, இழவு வீட்டு வாசலில் கூனி நின்று அடித்தவர்களின் முதுகுகள் எனக்கு ஞாபகம் வந்தன. 2025-இல் பக்கத்து மாவட்டத்து அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு, பறைக்காகப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்தச் செய்தியை அன்று பலருக்கும் நானே போனில் சொன்னேன்.

எங்கள் திடலில் இப்போது கூட்டம் குறைவு. வேடசந்தூர் வட்டாரம் முழுக்க நூற்பாலைகள். ராத்திரி ஷிப்டுக்கு மில் வேன் வந்து நிற்கும் நேரமும் முளைக்கொட்டு நேரமும் ஒன்றுதான். அம்மா வேனில் ஏறிவிட்டால் பிள்ளையை வட்டத்துக்குள் சொருகிவிட ஆள் ஏது?

என் மகள் கும்மியைக் கற்றது பள்ளிக்கூடத்தில். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவுக்காக, டீச்சர் முன்னால் நின்று ஆடிக் காட்டினார். போன் ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. பிள்ளைகள் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணிக்கொண்டே கொட்டினார்கள். நடுவர்களுக்கு முதுகு காட்டக்கூடாது என்பதால், வட்டத்தைப் பாதியில் வெட்டிப் பிறைபோல ஆக்கியிருந்தார்கள். பார்த்ததும் மனம் சுருங்கியது. ஆனால் அந்த வரிசையில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் கைக்குக் கை பக்கத்தில் நின்றார்கள். என் திடலில் நான் காணாத காட்சி அது.

போன பங்குனியில் மகளை ஊருக்குக் கூட்டிப்போனேன். அப்பத்தா இல்லை. சின்னம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முட்டி வலியோடு வந்து நின்றார். அடி ஒன்றும் தப்பாமல் மகள் கொட்டினாள். ஆனால் பழக்கதோஷம், ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கமாகவே முகம் திரும்பி நின்றது. சின்னம்மா பாட்டை நிறுத்தவில்லை. ஒரு கொட்டுக்கும் அடுத்த கொட்டுக்கும் இடையில் அவள் தோளைப் பிடித்து மெல்ல உள்பக்கம் திருப்பிவிட்டார்.

"அங்கிட்டு யாரு இருக்கா? பாரியைப் பாத்து நில்லு, தாயி."