அப்பா லாரியின் ரேடியோ

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

மாட்டுப்பொங்கலன்று திருமுக்கூடலில் எடுத்த பழைய லாரிப் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். "டீச்சர், டேஷ்போர்டில் இருக்கிற அந்த ரேடியோ பாடுமா, சும்மா அழகுக்கா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். பாடுகிறது. அது மறுபடி பாடிய கதைதான் இது. அதில் என்னுடைய தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்த லாரி டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ். எங்கள் பக்கம் 'பென்ஸ் லாரி' என்றால்தான் தெரியும். டாட்டா நிறுவனம் 1954-ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸுடன் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் இந்த லாரிகளைச் செய்தது. 1969-ல் ஒப்பந்தம் முடிகிறவரை முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருக்கும். எங்கள் வண்டியிலும் அந்த நட்சத்திரம் உண்டு.

1966-ல் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வாங்கினார்கள். அப்பா ஓட்டுவார். சித்தப்பா லோடு பிடிப்பார், கணக்கு பார்ப்பார். வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்து அரிசி மூட்டைகள் சென்னைக்குப் போகும். இரண்டு வருடம் கழித்து அப்பா தன் கைக்காசைப் போட்டு சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு ரேடியோ வாங்கி வண்டியில் மாட்டினார். ராத்திரி ஓட்டத்தில் தூக்கம் வராமல் இருக்க அதுதான் துணை. பகலில் சென்னை வானொலி, இரவில் இலங்கை வானொலி.

பகலில் எட்டாத இலங்கை இரவில் எப்படி எட்டுகிறது என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். "ராத்திரியில சத்தம் தூரமா கேக்கும்மா" என்றார். பின்னாளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே சரியான காரணம் சொன்னேன். வளிமண்டலத்தின் மேல்பகுதியில் உள்ள மின்னூட்ட அடுக்குகளில் கீழ் அடுக்கு பகலில் மத்திய அலையை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு மறைந்துபோகும். அலை அதற்கும் மேலே போய்ப் பட்டுத் திரும்பித் தொலைவில் இறங்கும்.

1974-ல் அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்து வண்டி ஓட்ட முடியாமல் போனது. பாகம் பிரித்தார்கள். லாரி சித்தப்பாவுக்கு, மனைக்கட்டு அப்பாவுக்கு. "ரேடியோ மட்டும் எனக்கு" என்றார் அப்பா. சித்தப்பாவும் சரி என்றார். பத்து நாள் கழித்து அப்பா போய்ப் பார்த்தால் டேஷ்போர்டில் ரேடியோ இருந்த இடம் ஓட்டையாக இருந்தது. சித்தப்பா வீட்டில் இல்லை. கிளீனர் பையன், "வித்துட்டாருபோல" என்றிருக்கிறான். அன்று சாயங்காலம் டீக்கடை வாசலில் பத்துப் பேர் முன்னால் அப்பா தன் தம்பியைத் திருடன் என்றார்.

அதோடு இரண்டு வீடும் பேசவில்லை. அப்பா 1993-ல் இறந்தார். சித்தப்பா வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார். மறு வருடம் ஒருநாள் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து கேட்டில் கையில் ஒரு துணிப்பையோடு நின்றார். "வகுப்பில் இருக்கிறேன், இப்போது பார்க்க முடியாது" என்று ஆளிடம் சொல்லி அனுப்பினேன். உண்மையில் அது மதிய இடைவேளை. 2009-ல் அவர் இறந்தபோது போனேன். மாலை போட்டேன். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன். அப்பா சொன்ன வார்த்தையை நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. வகுப்பில் இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டால் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத்தான் தீர்ப்பு சொல்வேன். இங்கே அதைச் செய்யவில்லை.

2021 நவம்பரில் பாலாற்றில் வந்த பெருவெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம்தான் திருமுக்கூடல். சித்தப்பாவின் கொட்டகையிலும் தண்ணீர் ஏறியது. வெள்ளம் வடிந்த பிறகு தம்பி, அதாவது சித்தப்பா மகன், எனக்குப் போன் செய்தான். "அக்கா, லாரியைப் பழைய இரும்புக்குப் போட மனசு வரல. சரிபண்ணி வச்சிக்கலாம்னு இருக்கேன். பெரியப்பா ஓட்டின வண்டி. நீங்க ஒரு தடவை வந்து பாருங்க."

எஞ்சினுக்கும் பாடிக்கும் இரண்டு வருடம் ஆனது. கடைசியில் டேஷ்போர்டு ஓட்டைக்கு வந்தோம். தம்பி புளூடூத், பென் டிரைவ் எல்லாம் போடுகிற புது செட் ஒன்றை வாங்கிவைத்திருந்தான். அப்போதுதான் சித்தி, "பரண்ல அந்த ரேடியோ இருக்குதே, அத எடுத்து மாட்டேன்டா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பழைய வேட்டியில் சுற்றி, மேலே உரச்சாக்கில் கட்டிவைத்திருந்தது. அதே ரேடியோ. இரண்டு குமிழ், நடுவில் டயல், கீழே ஐந்து பட்டன். சித்தி சொன்னது இதுதான்: "பாகம் பிரிக்கிறதுக்கு முந்தியே அது பாடறத நிறுத்திடுச்சு. பாடாத ரேடியோவ எப்படி அண்ணனுக்குக் குடுக்கறதுன்னு கழட்டிக் காஞ்சிபுரத்துல ரிப்பேருக்குக் குடுத்தாரு. அதுக்குள்ள உங்கப்பா திருடன்னுட்டாரு. ரிப்பேர் ஆயி வந்துச்சு. 'திருடன்னு சொன்னவரு வாசல்ல நானே கொண்டுபோய் நிக்கணுமா? வந்து கேக்கட்டும், குடுக்கறேன்'னு மேல வச்சிட்டாரு. அவரும் கேக்கல, இவரும் குடுக்கல."

உண்மையைச் சொல்கிறேன், நான் முழுதாக நம்பவில்லை. கணவரை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

வேட்டி மடிப்பில் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இருந்தது. இளைய நண்பர்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீசில் வருடா வருடம் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். 1980களில்தான் அந்த முறையை எடுத்தார்கள். புத்தகத்தில் என் அப்பா பெயர். 1974-க்குப் பிறகும் பக்கத்துக்குப் பக்கம் தபால் முத்திரை விழுந்திருந்தது. பரணில் கிடந்த ரேடியோவுக்கு, தன்னைத் திருடன் என்று சொன்ன அண்ணன் பெயரில், சித்தப்பா பணம் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"தம்பி, புது செட்டை வேற வண்டிக்கு வச்சிக்கோ. இதையே சரிபண்ணலாம்" என்றேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து ரேடியோ மெக்கானிக் ஆனவர். எடுத்ததும் அவர் சொன்னது: "டீச்சர், பழைய செட்டை நேரா பேட்டரியில குடுத்துடாதீங்க." முதலில் பின்பக்கம் பார்த்தார். பழைய வண்டிகளில் சிலவற்றுக்கு பாசிட்டிவ் எர்த், சிலவற்றுக்கு நெகட்டிவ் எர்த். அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ள ரேடியோவில் ஒரு பிளக் இருக்கும். மாற்றிக் கொடுத்தால் டிரான்சிஸ்டர் போய்விடும். எங்கள் லாரி 12 வோல்ட், நெகட்டிவ் எர்த். பிளக்கும் அதற்குச் சரியாகவே இருந்தது.

மூடியைத் திறந்தால் உள்ளே குளவி கட்டிய மண்கூடு. பிரஷ்ஷால் தட்டி எடுத்தார். வீட்டு ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கத் தகடு தகடாகச் சுழலும் கேங் கண்டென்சர் இருக்கும். வண்டி குலுங்கினால் அது நிலைக்காது. அதனால் கார் ரேடியோவில் கம்பிச்சுருளுக்குள் ஃபெரைட் குச்சி போய்வருவதுபோல் வைத்திருப்பார்கள். குச்சிகள் உடையாமல் இருந்தன. டயல் முள்ளை இழுக்கும் நூல் இற்றுப்போயிருந்தது. "நைலான் வழுக்கும்" என்று சொல்லி, வீட்டுத் தறியில் மிஞ்சிய முறுக்குப் பட்டு இழையை மெழுகு தடவிக் கட்டினார். காய்ந்துபோன மின்பகு கண்டென்சர்களை மாற்றினார். ஸ்பீக்கர் கோனில் இருந்த கிழிசலுக்கு மெல்லிய காகிதம் வைத்து ஒட்டினார்.

பிறகு பின்பக்க அலுமினியத் தகட்டில் திருகியிருந்த பவர் டிரான்சிஸ்டரைப் பார்த்தார். ஏ.டி. 149 என்கிற ஜெர்மேனியம் வகை. மீட்டர் வைத்துவிட்டு, "உயிரோடதான் இருக்கு" என்றார். இப்போது கிடைக்கிற சிலிக்கான் வகையை அதன் இடத்தில் அப்படியே மாட்ட முடியாது என்றும் சொன்னார். ஜெர்மேனியம் 0.2, 0.3 வோல்ட்டிலேயே கடத்தத் தொடங்கும். சிலிக்கானுக்கு 0.6 வேண்டும். சுற்றையே மாற்ற வேண்டிவரும்.

அப்படியே பலகையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"டீச்சர், இங்க பாருங்க. மத்த ஈயமெல்லாம் கம்பெனியில வச்சது. இந்த டிரான்சிஸ்டருக்கு வர்ற கம்பி ரெண்டுல மட்டும் வேற கை. யாரோ நல்ல மெக்கானிக் மாத்தியிருக்காரு. மாத்தின பிறகு அதிகமா ஓடவே இல்ல."

நான் எதுவும் பேசவில்லை. சித்தி சொன்னது அத்தனையும் அந்த இரண்டு சொட்டு ஈயத்தில் இருந்தது. ரேடியோவைத் தூக்கிப் போட்டிருந்தாலோ, உறையை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே புது போர்டு மாட்டியிருந்தாலோ எனக்கு இது தெரிந்தே இருக்காது.

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது 12 வோல்ட் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துக் கொடுத்தார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், செட் தப்பிக்கும். பல்பு லேசாகச் சிவந்து மங்கியது. ஸ்பீக்கரில் 'உஸ்' என்று ஒரு சத்தம். பெரியவர் சிரித்தார்.

லாரியில் மாட்டிய பிறகும் வேலை இருந்தது. ஏரியல் கம்பிக்கு ஏற்றபடி ஒரு சின்ன டிரிம்மரைத் திருக வேண்டும். டயலின் மேல்முனையில் மெல்லிதாகக் கேட்கும் ஒரு ஸ்டேஷனை வைத்து, சத்தம் அதிகமாகும் இடத்தில் நிறுத்தினார். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது என்பதால் படபட இரைச்சல் இல்லை. டைனமோ மட்டும் 'ஙொய்' என்று முனகியது. அதற்கு ஒரு கண்டென்சர் வைத்ததும் அடங்கியது.

மாட்டுப்பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்குப் பழையசீவரம் வந்து, ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு எழுந்தருளுவார். ஊரே கூடும். தம்பி லாரியை வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தான். சித்தியைக் கைப்பிடித்து கேபினில் ஏற்றினோம். நான் டிரைவர் சீட்டில், அப்பா இடத்தில், உட்கார்ந்தேன். 720-க்கு முள்ளை நகர்த்தினேன். சென்னை வானொலி. யாரோ விவசாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பாட்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது. பரவாயில்லை.

சித்தி கொஞ்ச நேரம் கேட்டார். "இவ்ளோ சத்தம் வேணாம், குறைம்மா" என்றார். குறைத்தேன்.

"சித்தி, நான் அன்னிக்குத் தண்ணிகூடக் குடிக்காம போயிட்டேன்" என்றேன்.

"ஞாபகம் இருக்குது" என்றார். அவ்வளவுதான். ஆனால் இறங்கியதும் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முழுதும் குடித்தேன்.

பள்ளிக்கூடத்து கேட்டில் சித்தப்பா வைத்திருந்த துணிப்பையில் என்ன இருந்தது என்று சித்திக்குத் தெரிந்திருக்கலாம். கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய ரேடியோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். நேராக பிளக்கிலும் சொருகாதீர்கள். தெரிந்தவரிடம் காட்டுங்கள். வீட்டில் யாரோடாவது பல வருடமாகப் பேசாமல் இருந்தால், அவர் பக்கத்தையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். நான் சித்தப்பா இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்