அரியணையோடு முடித்த கதை

ஃபிராங்க் ஹெர்பெர்ட்டின் 'டூன்' கதையைக் குச்சவெளிப் பக்கம் பிள்ளைகளுக்குச் சொல்லித் திரிந்தவன் நான். அதைப் பாதியில் நிறுத்தியவனும் நான்தான். அந்த மனிதர் எச்சரிக்கையாக எழுதியதை நான் நம்பிக்கையாக மாற்றிச் சொன்னேன். மாற்றுகிறேன் என்பது தெரிந்துகொண்டே சொன்னேன். படிப்பித்தலை விட்ட பிறகு இது உறுத்தத் தொடங்கியது. எழுதிவிடுவதுதான் ஒழுங்கு.

புத்தகத்தை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. 1965-இல் வந்த நாவல். அராக்கிஸ் என்றொரு பாலைக் கிரகம். அதன் மணலில் மட்டும் விளையும் மெலான்ஜ் என்ற பொருள் இல்லாவிட்டால் நட்சத்திரங்களுக்கிடையே கப்பல் ஓடாது. அந்தக் கிரகத்தை ஆள வந்த அட்ரெய்டிஸ் பிரபுவைச் சூழ்ச்சியால் கொல்கிறார்கள். மகன் பால் தாயோடு பாலைக்குள் தப்பி ஓடி, அங்கே வாழும் ஃபிரெமன் மக்களோடு சேர்கிறான். அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த மீட்பன் அவன்தான் என்று ஏற்கிறார்கள். கடைசியில் அவன் சக்கரவர்த்தியைப் பணியவைத்து அரியணையைக் கைப்பற்றுகிறான்.

இதை எங்கள் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நான் பெரிதாகப் பாடுபடவில்லை. எங்கள் பிரதேசத்தின் வடக்கு முனையில் புல்மோட்டை இருக்கிறது. அந்தக் கரையின் கறுப்பு மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொரு வாடைக்காற்றுக் காலத்திலும் கடலே புது மணலைக் கொண்டுவந்து கொட்டும். அந்த மணல் பெயின்டாகவும் உலோகமாகவும் மாறுவது வேறெங்கோ. 1997 செப்டம்பரில் இல்மனைட் ஏற்றிக்கொண்டு நின்ற கப்பல் ஒன்று அந்தக் கடலிலேயே தாக்கப்பட்டது. மணலுக்காகக் கப்பல் வரும், மணலுக்குப் பக்கத்தில் ஆட்கள் சாவார்கள் என்பதை எங்கள் வகுப்பறைக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. தண்ணீரை அளந்து குடிக்கும் ஃபிரெமன்களைப் பற்றிச் சொல்லும்போது, இடம்பெயர்ந்து முகாமில் வரிசையில் நின்ற பிள்ளைகள் கண்வெட்டாமல் கேட்டிருந்தார்கள். கதை சொல்பவனுக்கு இதைவிட வேறு போதை இல்லை.

அந்தப் பிரதியைக் கொழும்பு மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கினேன். பின்னட்டையில் ஆர்தர் சி. கிளார்க்கின் பாராட்டு இருந்தது. டோல்கீனின் மோதிரக் கதையைத் தவிர இதற்கு இணையாக எதையும் அறியேன் என்பது அவர் சொன்னதன் சாரம். கிளார்க் சொன்னால் எனக்கு வேதம். அவர் 1956-இல் இந்தத் தீவுக்கு வந்தவர். கோணேசர் மலையடியில், போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்கள் கிடக்கும் கடலுக்குள் முக்குளித்தவர். 'எங்கட ஆள்' என்று ஒரு சொந்தம்.

நான் வாசிக்கப் பழகியது புராணப் படிப்பில். ஒருவர் செய்யுளை இழுத்துப் படிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். அங்கே முருகனின் படை சூரனின் ஊரில் என்ன செய்தது என்று கேட்பவர் கிடையாது. அந்தப் பழக்கத்தோடேயே 'டூன்' படித்தேன். எனக்குப் பிடிக்காத இடங்களில் குரலைத் தாழ்த்திப் பக்கத்தைப் புரட்டினேன்.

அந்த இடங்கள் முதல் புத்தகத்திலேயே இருக்கின்றன. இதுதான் என் குற்றத்தில் முக்கால்வாசி. லியெட் கைன்ஸ் என்றொரு பாத்திரம்; கிரகத்தின் இயற்கையை ஆராய்பவன், ஃபிரெமன்களின் பிள்ளையும்கூட. பகைவர்கள் அவனைத் தண்ணீரில்லாமல் பாலையில் விட்டுவிடுகிறார்கள். சாகும் நேரத்தில் செத்துப்போன தகப்பனின் குரல் அவனுக்குக் கேட்கிறது. உன் சனத்துக்கு நேரக்கூடிய கேடுகளிலெல்லாம் பெரியது ஒரு வீரனின் கையில் அவர்கள் சிக்குவதுதான் என்ற பொருளில் அந்தக் குரல் சொல்கிறது. அந்த அத்தியாயத்தை நான் ஒரு தடவைகூட வகுப்பில் சொல்லவில்லை. 'கைன்ஸ் செத்துப்போனான்' என்று ஒரு வசனத்தில் கடந்துவிடுவேன்.

பாலே தன் பெயரைச் சொல்லி நடக்கப்போகும் புனிதப் போரைக் கனவில் காண்கிறான், பயப்படுகிறான், தடுக்க வழி தேடுகிறான், கிடைக்கவில்லை. அதையும் விட்டேன். இன்னொன்றையும் மறைத்தேன். ஃபிரெமன்கள் காத்திருந்த தீர்க்கதரிசனம் வானத்திலிருந்து வந்ததல்ல. பெனி ஜெசரிட் என்ற பெண் துறவியர் சங்கம், தங்கள் ஆட்களில் யாராவது ஒருத்தி பிற்காலத்தில் தனித்து மாட்டிக்கொண்டால் உதவட்டும் என்று, கிரகம் கிரகமாகத் தூதரை அனுப்பி முன்கூட்டியே விதைத்து வைத்த கதை அது. பாலும் தாயும் அதைப் பயன்படுத்தித்தான் உயிர் தப்புகிறார்கள். அந்த நம்பிக்கை உண்மையாகிவிடுகிறதா, அல்லது உண்மைபோல ஆக்கப்படுகிறதா என்ற கேள்வியில்தான் நாவலின் ஆழம் இருக்கிறது. இதைச் சொன்னால் கதையின் காற்று போய்விடும் என்று எனக்குப் பயம்.

ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் இளவரசி இருலான் எழுதியதாகச் சில வரிகள் வரும். பாலின் வாழ்க்கை, வாக்கு, குடும்பம் பற்றிய அவளுடைய நூல்களிலிருந்து எடுத்ததாக. நான் அவற்றை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டினேன். கதை நடந்துகொண்டிருக்கும்போதே அது வேதமாகிவிட்டது, நாம் வாசிப்பது ஒரு மனிதனை மதம் விழுங்குவதை என்று ஹெர்பெர்ட் தலைப்புக்குத் தலைப்பு காட்டிக்கொண்டே போகிறார். இவ்வளவு நுட்பமான ஒரு உத்தியை நான் பிறகு வேறெந்த அறிவியல் புனைவிலும் கண்டதில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இஸ்லாம் படிப்பித்த நண்பர் ஒருவர் புத்தகத்தை இரண்டு நாள் வாங்கிக்கொண்டு போனார். திருப்பித் தரும்போது, "சேர், மஹ்தி, ஜிஹாத், ஹஜ் எல்லாம் கிடக்கு. எங்கட சொல்லுகளை வைச்சுத்தான் ஆள் வீடு கட்டியிருக்கிறார். மஹ்தி எண்டு சொல்லிக்கொண்டு வந்த ஆக்களால சனம் பட்ட பாடு சரித்திரத்தில கனக்க இருக்கு. பொடியளுக்கு அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ" என்றார். நான் தலையாட்டினேன், சொல்லவில்லை. சூடானில் 1881-இல் தன்னை மஹ்தியென்று அறிவித்தவரைப் பற்றியோ, கோக்கசஸ் மலைகளில் ரஷ்யரை எதிர்த்த இமாம் ஷாமிலைப் பற்றியோ அவரிடம் கேட்டிருந்தாலே போதும்; ஹெர்பெர்ட் ஷாமில் பற்றிய ஒரு புத்தகத்திலிருந்து நிறைய எடுத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிய வந்தது. முஸ்லிம் ஊர்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்தச் சொற்களைப் பாலைக்கு ஏற்ற வாசனை என்பதற்கு மேலே நான் மதிக்கவில்லை.

இனி இரண்டாம் புத்தகம். 'டூன் மெசையா', 1969. அதைப் படிக்கவில்லை என்றுதான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். வாங்கினேன், படிக்கத் தொடங்கினேன். பால் அரியணை ஏறிப் பன்னிரண்டு வருடம் கழித்துக் கதை தொடங்குகிறது. அவன் தன் தளபதியிடம் பழங்காலத்துச் செங்கிஸ்கானையும் ஹிட்லரையும் பற்றிப் பேசுகிறான், அவர்கள் கொன்றது எத்தனை பேர் என்று கணக்குச் சொல்கிறான். பிறகு தன் கணக்கைச் சொல்கிறான்: 6100 கோடி உயிர். அழிந்த கிரகங்கள் தொண்ணூறு. துடைத்தெறியப்பட்ட மதங்கள் நாற்பது. அந்தப் பக்கத்தோடு மூடி அலுமாரியின் பின்வரிசையில் வைத்துவிட்டேன்.

பெரிய ஆட்களும் என்னைப் போலவே நடந்தார்கள் என்பதைப் பிறகு அறிந்து கொஞ்சம் ஆறுதல் பட்டதுண்டு. முதல் கதையைத் தன் 'அனலாக்' சஞ்சிகையில் தொடராக வெளியிட்ட ஜான் டபிள்யூ. கேம்ப்பெல், இந்த இரண்டாவதை வேண்டாமென்று திருப்பி அனுப்பினார். நாயகன் விழுவதை அவரால் ஏற்க முடியவில்லை. 1984-இல் டேவிட் லிஞ்ச் எடுத்த படத்தில், கடைசிக் காட்சியில் பாலுக்காக வானமே மழை பொழிகிறது. நாவலில் அப்படியொரு மழை இல்லை. ஆனால் கேம்ப்பெலும் லிஞ்சும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவில்லை. படிப்பித்தவன் நான்.

"பிறகு என்ன நடந்தது சேர்?" என்று ஒரு பொடியன் கேட்டான். பின்வாங்கில் இருக்கிறவன், அதிகம் கதைக்காதவன். "அவ்வளவுதான். பால் ராசாவானான். கதை முடிஞ்சுது" என்றேன். அலுமாரியில் இரண்டாம் புத்தகம் இருந்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்தால் காலத்தைக் குற்றம் சொல்லலாம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எங்கள் கரையில் மீட்பனைத் தேடாத வீடு எது? யாராவது வந்து எல்லாவற்றையும் சரிப்படுத்திவிடுவார் என்று நம்பாவிட்டால் இரவில் நித்திரை வராது. ஆனால் அது முழுப் பதிலல்ல. இந்த மண்ணே காத்திருக்கும் மண். சைவருக்குப் பக்கத்துக் கோயிலில் பெருமாளும் இருப்பார். கலியின் முடிவில் கல்கி வருவார் என்று பாட்டிகள் சொல்லுவார்கள். முஸ்லிம் அயலவருக்கு மஹ்தி. கத்தோலிக்க மீனவர்களுக்கு இயேசுவின் இரண்டாம் வருகை. திரியாயில் கிரிஹண்டு தூபியை வணங்க வருபவர்களுக்கு மைத்திரேய புத்தர். குச்சவெளிக் கடலோரப் பாறையில் ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையதான ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. யாரோ ஒருவர், பிறவிதோறும் உலகத்தின் துன்பத்தைத் தீர்ப்பவனாக நான் ஆகவேண்டும், புத்தநிலை அடைந்து மனிதரைக் கரையேற்ற வேண்டும் என்று அதில் வேண்டியிருக்கிறார். மீட்பனுக்காகக் காத்திருந்தவர்கள் மட்டுமல்ல, மீட்பனாக ஆசைப்பட்டவரும் எங்கள் ஊரில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

கிளார்க்கோடு முக்குளித்த மைக் வில்சன் கதை இன்னும் விசித்திரம். இங்கிலாந்துக்காரர், 1962-இல் முதல் சிங்கள வண்ணப் படமான 'ரன் முத்து தூவ'வை இயக்கியவர். கோணேசர் கோயிலின் லிங்கத்தைக் கடலடியில் கண்டெடுத்தவர் அவர்தான் என்பார்கள். பிற்காலத்தில் துறவியாகி அவர் வைத்துக்கொண்ட பெயர் சுவாமி சிவ கல்கி. ஹெர்பெர்ட் இதை அறிந்திருந்தால் ஒரு அத்தியாயம் எழுதியிருப்பார்.

ஆகவே நாலு மதமும் காத்திருக்கும் ஊரில், காத்திருப்பைப் பற்றிக் கேள்வி கேட்கும் ஒரே கதை என் கையில் இருந்தது. நான் அதைக்கொண்டு ஐந்தாவதாக ஒரு மீட்பனைச் செய்தேன். பாரதத்தை வீட்டில் முழுதாக வாசித்தால் கலகம் வரும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லுவார்கள். போருக்குப் பின் காந்தாரி சாபமிடுவதையும், கண்ணனின் குலம் ஒருவரையொருவர் அடித்துச் சாவதையும் கேட்க யாருக்குத்தான் மனம் வரும்? அந்தச் சம்பிரதாயத்தை நான் டூனுக்கும் நீட்டிவிட்டேன்.

2024-இல் டெனி வில்னவின் இரண்டாம் 'டூன்' படம் வந்தது. அதில் மழை இல்லை. புனிதப் போருக்குக் கப்பலேறும் படையோடு முடிகிறது. அந்தப் பின்வாங்குப் பொடியன் இப்போது கனடாவில் இருக்கிறான், தலை நரைக்கத் தொடங்கிய மனிதன். படம் பார்த்துவிட்டு ஆறு புத்தகங்களையும் வாங்கிப் படித்திருக்கிறான். தொலைபேசியில் சுகம் விசாரித்துவிட்டு, "ஏன் சேர் மிச்சத்தைச் சொல்லேல்ல?" என்றான். கோபமில்லை, குறையில்லை, வெறும் கேள்வி. அவனுடைய அண்ணன் ஒருவன் 1990-க்குப் பிறகு வீடு திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த அண்ணனும் என் வகுப்பில் இருந்தவன். என் கதையால்தான் போனான் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒரு கதைக்கு அவ்வளவு பலம் உண்டு என்று சொல்வது இன்னொரு அகங்காரம். ஆனால் போகாதே என்று சொல்லக்கூடிய ஒரு கதை என்னிடம் இருந்தது, நான் சொல்லவில்லை.

அதன் பிறகு உட்கார்ந்து மிச்சத்தையும் படித்து முடித்தேன். மூன்றாம் புத்தகத்தில் (1976) கண்ணிழந்த ஒருவர் பாலையிலிருந்து வந்து, பாலின் பெயரால் எழுந்த மதத்தைக் கோயில் வாசலிலேயே நின்று கண்டித்துப் பிரசங்கிக்கிறார். அவர்தான் பால் என்று வாசகர் ஊகிப்பார். அவருடைய பூசகர்களின் ஆட்களே அவரைக் குத்திக் கொல்கிறார்கள். இதை வகுப்பில் சொல்லியிருந்தால் எப்படியிருந்திருக்கும் என்று நினைக்காமல் அந்தப் பக்கத்தைக் கடக்க முடியவில்லை. நாலாவதில் (1981) பாலின் மகன் லெட்டோ அராக்கிஸ் மணலில் வாழும் புழுவாகப் பாதி மாறி மூவாயிரத்து ஐந்நூறு வருடம் கொடுங்கோலாட்சி செய்கிறான். மனிதர் இனி ஒருபோதும் ஒரு ஆளை நம்பிக் கும்பிடக்கூடாது என்று அவர்களுக்குக் கசக்கப் படிப்பிப்பதற்காக. வாசிக்கக் கடினம், பேச்சு அதிகம், ஆனாலும் தொடரின் துணிச்சலான புத்தகம் அதுவே. கடைசி இரண்டும் எனக்கு அவ்வளவு பிடிபடவில்லை. ஏழாவதை எழுதாமலே ஹெர்பெர்ட் 1986-இல் இறந்துபோனார்.

கனடாவில் இருப்பவனுக்கு நான் இன்னும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அனுப்பப் போகிறேன். என் பழைய பிரதிகளில் முதல் மூன்றையும் ஊர் வாசகசாலைக்குக் கொடுத்திருக்கிறேன். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டித்தான் கொடுத்தேன், தனித்தனியாக இரவல் கொடுக்க வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறேன். எடுத்துப் போகிறவர்கள் முதலாவதை முடித்ததும் நிறுத்திவிடாதீர்கள்.