ஸ்டூலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

அக்கா மகளுக்குத் துணிக்கடையில் வேலை கிடைத்தது. சேரலாமா என்று கேட்டாள்.

"முதல்ல புடவை எடுக்கிற மாதிரி போய்ப் பார்த்துட்டு வாடி. மத்தியானம் மூணு மணிக்குப் போ, கூட்டம் இருக்காது" என்றேன். எட்டு வருஷம் கவுண்டரில் நின்ற கால் என்னுடையது. இன்டர்வியூ அறையில் ஏசியும் காபியும்தான் தெரியும்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று கேரளத்தில் 2018-லும், தமிழ்நாட்டில் 2021-லும் சட்டத்தைத் திருத்தினார்கள். ஸ்டூல் வந்துவிட்டது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பாரே, அதற்கு எந்தப் பிரிவு?

போய்விட்டு வந்தாள்.

"சித்தி, மூணு ஸ்டூல் இருக்கு. மூணுலயும் அட்டைப்பெட்டி. பாத்ரூம் எங்கன்னு ஒரு பொண்ணுகிட்ட கேட்டேன். மேலே கேமராவைப் பார்த்துட்டுத்தான் பதில் சொன்னா."

வேறு கடை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.