கோயா மலையில் மாமியாருக்கு விருந்து

ஜப்பானிலிருந்து திரும்பியதும் பக்கத்து வீட்டு மாமி கேட்ட முதல் கேள்வி, "பச்சை மீனையா தின்றீர்கள்?" என்பதுதான். சுஷியும் தெம்புராவும் சென்னை ஹோட்டல்களிலேயே கிடைக்கிற காலம் இது. அவற்றைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. மாமியாரை அழைத்துக்கொண்டு போனவள் நான். அதனால் வேறொரு சமையலைத் தேடிப் போகும்படி ஆயிற்று.

மாமியாருக்கு வயது 72. வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்கமாட்டார். டோக்கியோவில் மூன்று நாளும் அவருக்குச் சோறும் ஊறுகாயும் 'மிசோ' ஸூப்பும்தான். சோயா மொச்சையை உப்புச் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்க வைத்த விழுதுதான் மிசோ. "நம்மாத்துப் பருப்பு ரசம் மாதிரி இதமா இருக்குடி" என்று கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

நாலாம் நாள்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்த ஸூப்புக்கு ஆதாரமே 'தாஷி' என்ற சாறு. 'காட்ஸுவோ' மீனை வேக வைத்துப் புகையூட்டி, கட்டை போலாகும்வரை உலர்த்தி, தச்சர் இழைப்புளியில் சீவுவது போலச் சீவி, வெந்நீரில் போட்டு எடுப்பார்கள். நம் தூத்துக்குடிப் பக்கத்து மாசிக்கு இது உடன்பிறப்பு. தட்டில் கிடந்தால்தான் மீன். சாற்றில் கரைந்ததைப் பலர் மீனாகவே எண்ணுவதில்லை! எனக்கு அடிவயிறு கலங்கியது. சொல்லத் தைரியமில்லை. "உப்பு ஜாஸ்தி அம்மா" என்று சொல்லி ஸூப்பை நிறுத்திவிட்டேன்.

பிறகுதான் கோயா மலைக்குப் புறப்பட்டோம். ஓஸாகாவில் நம்பா நிலையத்தில் ரயிலேறி, மலையடிவாரத்தில் இறங்கி, செங்குத்தான கேபிள் காரில் ஏறினால் சில நிமிஷத்தில் மலைமேல் நிற்கலாம். 816-ஆம் ஆண்டில் கூகாய் என்ற துறவிக்கு அரசர் அளித்த இடம். இன்றும் ஐம்பதுக்கு மேற்பட்ட கோயில்களில் யாத்திரிகர் தங்கலாம். அங்கே பரிமாறுவது 'ஷோஜின் ரியோரி', அதாவது துறவிகளின் சமையல். 'ஷோஜின்' என்பது நம் 'வீர்யம்' என்ற வடமொழிச் சொல்லுக்குச் சீனர் செய்த மொழிபெயர்ப்பாம். மாமிசமில்லை, மீனில்லை; வெங்காயம், பூண்டு வகைகளும் இல்லை. இதைக் கேட்டதும் மாமியார் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

சாயங்காலம் ஆறு மணிக்கே சாப்பாடு. பாய் விரித்த அறையில், குட்டைக் கால் வைத்த சிவப்புத் தட்டுகளை ஓர் இளந்துறவி கொண்டு வந்து வைத்தார். உறையவைத்து உலர்த்திய 'கோயா தோஃபு' இந்த மலையின் பெயரைத் தாங்கியது; கடற்பஞ்சு போல் சாற்றைக் குடித்துவிட்டு, கடித்தால் வாயெல்லாம் விடுகிறது. சோயாப் பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஆடைதான் 'யூபா'. பொரித்த காய்கள், வேக வைத்த பூசணி, முள்ளங்கி ஊறுகாய் எல்லாம் இருந்தன.

ஆனால் ராஜபோஜனம் 'கோமா தோஃபு'தான். தோஃபு என்று பெயரே தவிர, சோயா அதில் துளியும் இல்லை. எள்ளை வெண்ணெய் போல் அரைத்து, கூவைக்கிழங்கு மாவு போன்ற 'குஸு' மாவுடன் தண்ணீர் விட்டுக் கரைத்து, கை ஓயக் கிளறி, ஆறவிட்டுத் துண்டு போடுவது. அல்வா கிளறிய கைகளுக்கு அந்தப் பாடு தெரியும். தந்த நிறம், தொட்டால் நடுங்குகிறது. எள் என்றதும் மாமியார் தயங்கினார்; திவசத்து ஞாபகம். "வெள்ளை எள்தான் அம்மா" என்றேன். ஒரு வாய் வைத்தார். பிறகு பேசவே இல்லை.

அடுத்து ஸூப் கிண்ணத்தைத் திறந்து ஒரு வாய் குடித்தவர், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்டி, டோக்கியோவில குடிச்சது வேற ருசியா இருந்ததே?"

இங்கே சாறு 'கொம்பு' என்ற கடற்பாசியிலும் உலர்ந்த காளானிலும் எடுத்தது. அதைச் சொன்னேன். சொல்லும்போதே, இனி மறைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. மீன் விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

நெடுநேரம் அவர் பேசவில்லை. வெளியே தேவதாரு மரங்களில் மழை விழும் சத்தம் கேட்டது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"மூணு நாள் குடிச்சாச்சு. தெரியாம நடந்தது, போகட்டும்" என்றார் கடைசியில். "தெரிஞ்சப்புறம் ஒரு நாள் மறைச்சியே, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை."

நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"அந்த எள்ளுக் கட்டி இன்னொண்ணு கிடைக்குமான்னு கேளு."

ஆளுக்கு ஒன்றுதான். நான் தொடாமல் வைத்திருந்த என் துண்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.