மாட்டின் இரத்தமும் மனைவியின் கடிதமும்



எங்கள் மகனின் பாலர் பாடசாலையில் கொப்பளிப்பான் பரவியது. அப்போது என் மனைவி நான்கு மாதக் கர்ப்பிணி. கேள்விப்பட்ட அடுத்த நாளே வைத்தியரிடம் போனோம். இரத்தம் எடுத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பதில் வந்தது. அதில் எங்களுக்கு விளங்கியவை இரண்டு சொற்கள்தான்: 'அன்டிஸ்டொஃப்', 'பொசிட்டிவ்'.

"இஞ்சருங்கோ, எனக்கும் வந்திட்டுது போல. பிள்ளைக்கு என்ன ஆகுமோ?" என்று அவ அழத் தொடங்கிவிட்டா. வைத்தியரின் அலுவலகமோ பூட்டியாயிற்று.

அன்றிரவு வேலைக்குப் போனேன். என்னோடு வேலை செய்யும் டெனிஷ்காரர் பால் பண்ணையில் வளர்ந்தவர். விஷயத்தைச் சொன்னதும், "அந்தச் சொல் எங்கள் மாட்டுக் கொட்டிலில் கேட்ட சொல்" என்றார்.

மாடுகளுக்கு ஐ.பி.ஆர். என்றொரு வருத்தம் உண்டு. கொப்பளிப்பானைக் கொடுக்கும் அதே ஹெர்பிஸ் குடும்பத்து வைரசுதான் காரணம். ஆனால் அது மனிதருக்குத் தொற்றாது. காய்ச்சல், மூக்கொழுக்கு, பால் குறைவு, சிலவேளை கருச்சிதைவு. பிறகு மாடு சுகமாகிவிடும். வைரசு மட்டும் போகாது. தலையிலுள்ள நரம்பு முடிச்சில் ஒளிந்து ஆயுள் முழுவதும் கிடக்கும். கன்று ஈனும்போதோ வாகனத்தில் ஏற்றும்போதோ மாடு களைத்தால், மறுபடி கிளம்பி மூக்கு வழியே மற்ற மாடுகளுக்குப் போகும்.

பார்வைக்குச் சுகமான மாட்டில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளிக்கூடத்தில் படித்தோமே, பிறபொருளெதிரி, அதுதான் அன்டிஸ்டொஃப். வைரசு ஒளிந்தாலும் அதை எதிர்த்து உடல் செய்த இந்தப் பொருள் இரத்தத்திலும் பாலிலும் காட்டிக்கொடுக்கும். பண்ணைத் தொட்டிப் பாலில் கொஞ்சம் சோதித்தாலே முழுப் பட்டியையும் பற்றி அறியலாம். அதில் தெரிந்தால் ஒவ்வொரு மாடாக இரத்தம் எடுப்பார்கள். டென்மார்க் 1984இல் இதைத் தொடங்கி, பொசிட்டிவ் மாடுகளை அகற்றி, 1990களின் தொடக்கத்தில் வருத்தத்தையே ஒழித்தது. சோதனை இன்றும் தொடர்கிறது.

"அகற்றி" என்றதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. மனிசன் சிரித்தார். "மாட்டை அனுப்பியது அது நோயாளி என்று அல்ல, மற்ற மாடுகளைக் காக்க. உன் மனைவிக்கு அதே சொல் நல்ல செய்தியாக இருக்கலாம். திங்கள் வைத்தியரைக் கேள்" என்றார்.

திங்கள் கேட்டோம். கொப்பளிப்பான் தொற்றி ஓரிரு நாளில் பிறபொருளெதிரி உண்டாகாது. ஆகவே இது பழையது. ஊரில் சின்ன வயதில் வந்த அம்மாள் வருத்தத்தின் மிச்சம். தாய்க்கும் பிள்ளைக்கும் அதுவே காவல் என்றார் வைத்தியர். எங்கள் ஊர்போன்ற வெப்ப நாடுகளில் பலர் சிறுவயதில் இது வராமலே வளர்கிறார்கள். இங்கு வந்து பெரியவர்களாகிப் பிடிக்கும்போது கடுமையாக இருக்கும். அதனால்தான் சோதித்தார்களாம். அந்த வைரசும் நரம்பில் ஒளிந்திருந்து, வயதில் அக்கியாகக் கிளம்பக்கூடும்.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குச் சொல்வது இதுதான். 'பொசிட்டிவ்' என்றால் வருத்தம் என்று நினைத்து அழ வேண்டாம். எந்த வருத்தத்துக்கான சோதனை, பழையதா புதியதா, எங்களுக்கு நல்லதா கெட்டதா என்று மூன்றையும் கேளுங்கள். பாஷை போதாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நாங்கள் இரண்டு இரவு வீணாக அழுதோம். நீங்கள் அழ வேண்டாம்.

மகள் சுகமாகப் பிறந்தாள்.